மூன்று நூல் ஆழம்

தை மாதத்துக்குப் பிறகு ஜெனிற்றா எதற்கும் இல்லை என்று சொன்னது கிடையாது. சோறு போடவோ என்றால் ஓம். ஞாயிறு முதல் பூசைக்கு வாறியோ என்றால் ஓம். பக்கத்து வீட்டு மனுசி தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்து கேக் வெட்ட உதவி செய்யச் சொன்னால் அதற்கும் ஓம். கேட்கிறவர்களுக்கு இது நல்ல வசதியாய்ப் போயிற்று. முப்பத்து மூன்று வயதுப் பிள்ளை இவ்வளவு சொல்வழி கேட்கிறதே என்று ஒருவருக்கும் பயம் வரவில்லை.

ஆகையால் தவசு காலத்து இரண்டாம் ஞாயிறு, பூசையால் வந்து முக்காட்டை எடுக்க முன்னமே தாய் மக்டலீன் கட்டில் கதையைத் தொடங்கியபோதும் ஜெனிற்றா அதையேதான் சொன்னாள்.

"உந்தக் கட்டில் பட்டறையிலை சும்மாதானே கிடக்குது பிள்ளை. பாஸ்குத் திருநாள் முடிய லவீனாவுக்குக் கலியாணம். அதிலை இருக்கிற பேரை மாத்திக் குடுத்தால் என்ன?"

"ஓம்."

"மனசிலை ஒண்டும் வைச்சுக்கொண்டு சொல்லேல்லைத்தானே?"

"இல்லையம்மா."

மக்டலீன் பெருமூச்சு விட்டு முக்காட்டை மடித்தாள். அவள் கெட்ட தாயில்லை. இரண்டு பெண்ணைப் பெற்றவள், ஒன்றின் கலியாணம் குழம்பிப்போனது, மற்றதின் கலியாணமாவது ஒழுங்காய் நடக்கட்டும் என்று நினைத்தாள். அடுக்களைக்குள் நின்ற தங்கை லவீனா இதைக் கேட்டாளோ இல்லையோ, குழாயைத் திறந்து கோப்பை கழுவத் தொடங்கினாள்.

அந்தக் கட்டிலின் கதையைச் சொல்லவேண்டும்.

ஜெனிற்றா உரும்பிராயில் செந்தூரனின் தளபாடப் பட்டறையில் பதினொரு வருடமாய் வேலை செய்கிறாள். குருநகரில் இருந்து விடிய பஸ் பிடித்துப் போய்ப் பொழுதுபட வருவாள். அவளுக்குப் பிடித்த வேலை பதிப்பு வேலை. ஒரு மரத்தில் பூவோ குருசோ வடிவாய்க் குழி எடுத்து, வேறு நிற மரத்தில் அதே வடிவில் துண்டு வெட்டி, குழிக்குள் ஒட்டி மட்டமாய்த் தேய்த்துவிடுவது. மரத்தைக் குடைகிற றவுட்டர் மெசினின் வாயில் பூட்டுகிற பிற் என்ற வெட்டலகும், மெசின் வழிதவறாமல் போக மரத்தின் மேல் வைக்கிற அச்சும் சரியாய் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மெசினின் அடியில் ஒரு வளையத்தைப் பூட்டி அச்சுக்குள் ஓட்டினால் குழி வரும். வளையத்தைக் கழற்றிவிட்டு அதே அச்சுக்குள் ஓட்டினால் அந்தக் குழிக்குள் இறுக்கமாய் இருக்கிற துண்டு வரும். இதைப் பட்டறையில் அவளைப் போலச் செய்ய ஆளில்லை. செந்தூரனே ஒப்புக்கொள்வார், வேறு ஆட்கள் இல்லாத நேரத்தில்.

போன வருடம் பிரான்சில் இருக்கிற எமில்ராஜுக்கும் அவளுக்கும் கலியாணப் பேச்சு முற்றானதும், தன் கட்டிலைத் தானே செய்வேன் என்று நின்றாள். தகப்பன் கனிசியஸ் எட்டு வருடமாய்க் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்த தேக்கை இறக்கிக் கொடுத்தார். கால், சட்டம், தலைமாட்டுப் பலகை எல்லாம் அவள் கைவேலை. தலைமாட்டின் நடுவில் பலா மரத்தில் இரண்டு எழுத்து, எ, ஜெ. இங்கிலிஸ் எழுத்தென்றால் ஒவ்வொரு மூலையையும் உளியால் கூராக்க வேண்டும். தமிழ் எழுத்து வளைந்து வளைந்து போகும், வட்டமாய்ச் சுழல்கிற பிற்றுக்கு வாய்த்த எழுத்து என்று அப்போது அவள் லவீனாவுக்குச் சொல்லிச் சிரித்தது உண்டு.

தச்சு வேலைக்காரருக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பதிப்பு வேலைக்கு ஒரு நூல் ஆழம் தாராளம். ஜெனிற்றா மூன்று நூல் வெட்டினாள். ஒரு நூல் தடிப்புள்ள மெல்லிய பிற்றால் அவ்வளவு ஆழம் போவது லேசில்லை. கொஞ்சம் கொஞ்சமாய் இறக்க வேண்டும். இரண்டு பிற் முறிந்தது. ஏன் இந்த வில்லங்கம் என்று செந்தூரன் கேட்டதற்கு, "ஒரு நாளும் கழரக்கூடாது அண்ணை" என்றாள். சந்தோசத்தில் இருக்கிற ஆட்கள் அளவு பார்ப்பதில்லை.

அவர்கள் கோவிலில், கலியாணத்துக்கு முன்னம் மூன்று ஞாயிறு பூசையில் சுவாமி மாப்பிள்ளை பெண்ணின் பெயரை வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். ஓலை வாசிக்கிறது என்று அதற்குப் பெயர். மூன்றாம் ஓலை வாசிக்க முன்னம் பேரைப் பதிக்காதே என்று மக்டலீன் சொல்லியிருந்தாள். அது சுவாமி சொன்ன சட்டமில்லை, மக்டலீனின் தாய் வழியில் வந்த பயம். இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை ஜெனிற்றா எழுத்தைப் பதித்தாள். புதுப் பிற் கையில் இருந்தது, அச்சும் தயாராய் இருந்தது, அவளால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை எமில்ராஜின் தாய் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, கோப்பையை வைத்துவிட்டு, பிரான்சில் ஒருத்தியோடு மகன் குடும்பமாய் இருக்கிறானாம், பிள்ளைக்கு இரண்டு வயதாம், தங்களுக்கும் இப்பத்தான் தெரியும் என்றார். மூன்றாம் ஞாயிறு சுவாமி வேறு இரண்டு சோடியின் பெயரை வாசித்தார். பிறகு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாய் நிறுத்திவிட்டு அடுத்த செபத்துக்குப் போனார். கோவிலில் இருந்த அவ்வளவு பேரும் திரும்பி ஜெனிற்றாவைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்கத் தெரிந்த ஒருவர் கூட இல்லை.

அன்றையிலிருந்து அவள் விறைத்துப்போய்த்தான் இருந்தாள். அழுகை வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. பசியும் வரவில்லை, போட்டதைத் தின்றாள். "நான் சொன்னனான், கேட்டியோ?" என்று தாய் ஒரு தரம் சொன்னாள். அதுவும் எங்கேயோ பட்டு விழுந்தது. கட்டில் பட்டறை மூலையில் தறப்பாளின் கீழே கிடந்தது. ஆட்கள் அதன் மேல் பலகை அடுக்கினார்கள்.

ஓம் என்று சொல்லியாயிற்று, இனி வேலையைப் பார்க்க வேண்டும். பதித்த எழுத்தைத் தோண்டி வெளியே எடுக்க முடியாது. அதைவிட அகலமாய், அதைவிட ஆழமாய் இன்னொரு குழி எடுத்து, எழுத்தை முழுக்கத் தின்னவிட்டு, அந்தக் குழியை வேறொரு வடிவத்தால் அடைக்கலாம். அதற்கு ஒரு அச்சும் ஒரு பிற்றும் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு அவள் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் உள்ள தச்சு ஆயுதக் கடைக்குப் போனாள். அங்கே நிற்கிற றஞ்சித்துக்கு அவளைப் பல வருடமாய்த் தெரியும்.

"என்ன வேலை அக்கா?"

"ஒரு பதிப்பை மூட வேணும். அகலமான பிற், அடி மட்டமாய் வெட்டுறது."

றஞ்சித் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வரிசையாய் எடுத்து வைத்தான். இரண்டு நூல், நாலு நூல், ஆறு நூல். அவள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து நுனியை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். சிறியது ஒடுங்கிய இடமெல்லாம் போகும், ஆனால் அடி வரிவரியாய் வரும், நேரமும் எடுக்கும். பெரியது ஒரே இழுப்பில் அள்ளும், ஆனால் வளைவுகளைத் தின்றுவிடும், மெசினும் கையில் நிற்காது. நாலு நூல் போதும் என்று நினைத்தாள்.

"இதின்ரை வெட்டு நீளம் காணுமோ தெரியேல்லை அக்கா, உங்களுக்கு எவ்வளவு ஆழம்?"

"மூண்டு நூல். அதுக்குக் கீழையும் ஒரு சொட்டுப் போக வேணும்."

"பதிப்புக்கு மூண்டு நூலோ? ஆர் உந்த விசர் வேலை செய்தது?"

"நான்தான்."

றஞ்சித் தலையைச் சொறிந்துகொண்டு நீளமான ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தான். மன்னிப்புக் கேட்கிறவன் போல, வெளிநாட்டில் இருந்து வந்த ஆயத்த அச்சுகளையும் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். இதயம், சோடிப் புறா, அம்பு தைத்த இதயம்.

"கலியாண வேலைக்கு எல்லாரும் உதுதான் கேக்கினம்."

அவள் எழுத்தின் அளவைக் கடதாசியில் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ஜெ எழுத்தின் கொம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. புறாவின் மேல் வைத்தாள், இடுப்புப் பக்கம் காணாது. தன்னிடம் இருக்கிற அச்சுகளை மனதுக்குள் எண்ணினாள். குருசு ஒடுக்கம். மீன் நீளம், ஆனால் வாலடியில் மெலிவு. வட்டம் எல்லாவற்றையும் மூடும், ஆனால் அரசாங்கக் கச்சேரி முத்திரை குத்தினது மாதிரி இருக்கும். கடைசியாய் றஞ்சித் தட்டின் அடியில் இருந்து ஒரு மாதுளம்பூவை எடுத்தான். அகன்ற ஐந்து இதழ், பருத்த நடு. கடதாசி அதற்குள் முழுக்க அடங்கியது. எயும் அடங்கியது, ஜெயும் அடங்கியது.

"எதை மறைக்கப் போறியள்?"

"பேரை."

"ஆற்றை பேர்?"

"ரண்டு பேற்றையும்."

அவன் மாதுளம்பூவைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தான். குருநகருக்கும் ஸ்ரான்லி வீதிக்கும் எவ்வளவு தூரம்? அவனுக்கும் தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டறை ஆட்கள் சாப்பிடப் போனபின் ஜெனிற்றா தறப்பாளை உரித்தாள். தலைமாட்டுப் பலகையைக் கழற்றி மேசையில் கிடத்தி இறுக்கினாள். பலா மரம் இரண்டு மாதத்தில் கொஞ்சம் நிறம் கூடியிருந்தது. எ பக்கம் மாதுளம்பூ அச்சை வைத்து, நாலு பக்கமும் அளந்து, ஒட்டு நாடாவால் பிடித்தாள். வளையத்தைப் பூட்டினாள். மெசினைத் தொடங்கினாள்.

முதல் இழுப்பில் பலாவின் மஞ்சள் தூள் கிளம்பியது. பிறகு மண்ணிறத் தூளும் மஞ்சளும் கலந்து வந்தது. எமில்ராஜ் என்கிற ஆளை அவள் ஐந்து மாதம் தொலைபேசியில் பார்த்திருக்கிறாள். அவனுடைய முகத்தை நினைத்துப் பார்த்தாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு நூல் இறங்கியது, எழுத்து அப்படியே இருந்தது. இரண்டு நூல் இறங்கியது, அப்போதும் இருந்தது. மூன்றாவது நூல் முடிகிற இடத்தில்தான் மஞ்சள் அறுந்து அறுந்து போய், அடியில் வெறும் தேக்குத் தெரிந்தது. மெசினை நிற்பாட்டித் தூளை ஊதினாள். நல்ல சுத்தமான குழி. ஒரு மேசைக்காலுக்குத் துளை போட்டதைப் போலத்தான் இருந்தது அவளுக்கு.

அச்சைக் கழற்றி ஜெயின் மேல் வைத்தாள். அளந்தாள். ஒட்டினாள்.

அப்போதுதான் வாசலில் லவீனா நின்றாள். குருநகரில் இருந்து வெயிலில் பஸ்ஸில் வந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வியர்வை. இருபத்தாறு வயது, வாய்க்காரி. அவள் கட்டப்போகிற ஜெனிஸ்ரன் பாசையூர்ப் பெடியன், யாரும் பேசிச் செய்யவில்லை, இரண்டு பேரும் தாங்களாய் விரும்பினது. அக்காவின் கலியாணம் முடியட்டும் என்று மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள். வாய்க்காரி வாயை மூடியிருந்தது சின்னக் காரியமில்லை.

"என்ன இந்த நேரம்?"

"சும்மா. கட்டிலைப் பாப்பம் எண்டு வந்தனான்."

லவீனா மேசையடிக்கு வந்தாள். குழியைப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டாள், நகம் முழுக்க மறைந்தது. பிறகு பக்கத்தில், பூவின் அச்சுக்குள்ளே அகப்பட்டுக் கிடந்த ஜெயைப் பார்த்தாள்.

"இதையும் வெட்டப் போறியோ?"

"ஓம்."

"அக்கா, ஒண்டு கேக்கிறன், ஓம் எண்டு சொல்லாமல் பதில் சொல்லு. இதை எனக்குத் தர உனக்கு விருப்பமோ?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லைத்தானே என்று தாய் கேட்டாள், அது கேள்வியில்லை. ஜெனிற்றா வாயைத் திறந்தாள். பழக்கதோசத்தில் அந்தச் சொல்லே நாக்கு நுனிக்கு வந்தது. அது வெளியே வரவில்லை. கையில் மெசின் பாரமாய் இருந்தது, அதை மேசையில் வைத்தாள்.

"இல்லை" என்றாள்.

சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டதைப் போல நின்றாள். பிறகு இன்னொரு தரம் சொன்னாள்.

"இல்லை லவீனா. எனக்கு விருப்பமில்லை. இது என்ரை கட்டில்."

"அப்பாடா" என்றாள் லவீனா. மரத்தூள் கிடந்த வாங்கில் தொப்பென்று இருந்தாள். "எனக்கும் விருப்பமில்லை. நாலு நாளா நித்திரை இல்லை. உன்ரை கட்டிலிலை நான் எப்பிடிப் படுக்கிறது? அம்மாட்டைச் சொன்னால் அக்கா ஓம் எண்டிட்டாள் எண்டு சொல்லுறா. நீ என்னெண்டால் எல்லாத்துக்கும் ஓம்."

"உனக்கு வேறை செய்து தாறன்."

"செய். மூண்டாம் ஓலை வாசிச்ச பிறகு பேரைப் போடு. ஒரு நூல் ஆழம் காணும், ஜெனிஸ்ரன் சரிவராட்டில் கெதியாக் கழட்டலாம்."

ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிக்கிற இடம் இது என்று தெரிந்தது. இரண்டு மாதமாய் அதுவும் தெரியாமல்தான் இருந்தது. ஜெயின் மேல் ஒட்டியிருந்த நாடாவை மெல்ல உரித்து அச்சை எடுத்தாள்.

"இந்தக் குழிக்கு என்ன செய்வாய்? பூப் போடுவியோ?"

"பூ வேண்டாம். தேக்குத்தான்."

அதே பலகையில் மிஞ்சின துண்டு ஒன்று பட்டறையில் கிடந்தது. அதில் நார் ஓடுகிற பக்கம் பார்த்து, வளையத்தைக் கழற்றி, ஐந்து இதழையும் வெட்டி எடுத்துக் குழிக்குள் இறக்கி ஒட்டினாள். தேக்குக்குள் தேக்கு. கிட்ட நின்று பார்த்தால் பூவின் விளிம்பு ஒரு மயிர்க்கோடாய்த் தெரியும். தள்ளி நின்றால் வெறும் பலகை. அதன் பக்கத்தில் மஞ்சளாய் ஒரு எழுத்து, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாய்.

வீட்டில் சண்டை நடக்காமல் இல்லை. அந்த ஞாயிறு முழுக்க மக்டலீன் கதைத்தாள். கலியாணம் நடக்காத பிள்ளை கலியாணக் கட்டிலைக் கொண்டுவந்து நடு அறையில் போட்டால் ஊர் என்ன சொல்லும், வருகிற ஒரு சம்மந்தமும் வராமல் போகும், லவீனாவுக்குத் தரவேண்டிய நேரத்தில் இது என்ன பிடிவாதம் என்று விடாமல் கேட்டாள். ஜெனிற்றா எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றுக்கும் ஓம் சொல்லவில்லை. கனிசியஸ் முற்றத்தில் நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டு இருந்தார்.

"உங்கடை மோள் செய்யிறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். ஆக்கள் வந்து இதென்ன எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

கனிசியஸ் வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"கட்டில் எண்டு சொல்லு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை செந்தூரனின் லான்மாஸ்ரர் உழவு மெசினில் கட்டில் வந்தது. தகப்பனும் செந்தூரனும் லவீனாவும் தூக்கி அறைக்குள் வைக்க, ஜெனிற்றா ஆணி முடுக்கினாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் படலையடிக்கு வந்து நின்று பார்த்தார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பி, பாயை விரித்து, தலையணை போட்டு முடிய மத்தியானம் பன்னிரண்டரை. மக்டலீன் அடுக்களையை விட்டு வரவில்லை. இறால் பொரிகிற மணம் மட்டும் வந்தது.

ஜெனிற்றா கதவைச் சாத்தாமல் கட்டிலில் படுத்தாள். கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பலகையைத் தடவினாள். இரண்டு மாதத்தில் ஒரு மயிரளவு எழும்பியிருந்த ஜெயின் வளைவில் விரல் ஏறி இறங்கியது. இன்னும் தள்ளிப் போனால் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவ்வளவு மட்டமாய்த் தேய்த்திருந்தாள்.

மக்டலீன் வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை. நிலத்தைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல் கட்டிலைப் பார்த்தாள். மெல்ல வந்து ஓரத்தில் இருந்தாள். கட்டில் ஒரு சத்தமும் போடவில்லை. அகப்பை பிடித்த கையை விலக்கி, மற்றக் கையின் நகத்தால் எழுத்தின் விளிம்பைக் கிண்டிப் பார்த்தாள்.

"உது கழராதோ பிள்ளை?"

"கழராதம்மா. மூண்டு நூல் போட்டிருக்கிறன்."

"ம்" என்றாள் மக்டலீன். கையை எடுக்காமல் அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். "வடிவாய்த்தான் செய்திருக்கிறாய்."

அந்த ஒரு சொல்லுக்கு ஜெனிற்றா அழத் தொடங்கினாள். தை மாதத்துப் புதன்கிழமைக்கும், மூன்றாம் ஞாயிறுக்கும், திரும்பிப் பார்த்த அவ்வளவு தலைக்கும் சேர்த்து, வாயைப் பொத்தாமல் அழுதாள். அடுப்பில் இறால் கருகுகிற மணம் வந்தது, மக்டலீன் அதற்கும் எழும்பவில்லை. லவீனா ஓடிப்போய் அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

வெகு நேரம் கழித்து ஜெனிற்றா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி இருந்தாள்.

"அம்மா" என்றாள், "எனக்குப் பசிக்குது."